பிறந்த சூடு ஆறாத கோள்கள்

அகத்தியர் விண்மீன் என்று தமிழ் மரபில் சொல்லப்படும் கனோபசுக்கு மேற்கே ஏறத்தாழ 6 பாகை தள்ளி, தென்வானில் தாழ்வாக, விளக்கொளி இல்லாத இடத்திலிருந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கும் மங்கலாகத் தெரியும் பீட்டா பிக்டோரிஸ் என்னும் விண்மீன், சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள இளம் பெருங்கோள்களைப் பற்றி வானியலாளர் எழுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு உரைகல்லாக இருந்து வருகிறது. அது ஏறத்தாழ 63 ஒளியாண்டு தொலைவில் உள்ளது; சூரியனின் வயது 460 கோடி ஆண்டுகள் என்றால், இதன் வயது சுமார் 2.3 கோடி ஆண்டுகள்தான். அதிலிருந்து எதிர்பார்த்ததைவிட மிகுதியான அகச்சிவப்பு ஒளி வருவதை 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் கண்டது. மறு ஆண்டே பிராட்ஃபோர்டு ஸ்மித், ரிச்சர்டு டெரில் ஆகிய இருவரும் சிலி நாட்டின் லாஸ் காம்பனாஸ் வானாய்வகத்திலிருந்து அதைச் சூழ்ந்திருக்கும் தூசுவட்டைப் படம் எடுத்தனர். கோள்கள் பிறக்கும் இடம் இதுவாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது. சிலியின் பாரனால் மலையிலுள்ள பெருந்தொலைநோக்கி 2003இல் எடுத்த படங்களை ஆன்-மரி லக்ராஞ்சு தலைமையிலான குழு 2008இல் மீண்டும் அலசியபோது விண்மீனை ஒட்டி ஒரு மங்கிய புள்ளி தெரிந்தது. அதே புள்ளி விண்மீனின் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட்டதை 2010இல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு, அது பின்னணியில் தற்செயலாக அமைந்த வேறொரு விண்மீன் அல்ல, சுற்றிவரும் கோளே என்பது உறுதியாயிற்று. பீட்டா பிக்டோரிஸ் பி என்பது அதன் பெயர்.

ஒரு கோளைக் கண்டுவிட்டால் அடுத்து எழும் கேள்விகள் மூன்று: அது எவ்வளவு பெரியது, எவ்வளவு நிறை கொண்டது, உள்ளே என்ன இருக்கிறது. வியாழனைப் பொறுத்தவரை இம்மூன்றுக்கும் விடை தனித்தனி வழிகளில் கிடைத்தது. அதன் வட்டு தொலைநோக்கியில் தெரிவதால் ஆரத்தை நேரடியாக அளக்க முடிந்தது. நிலவுகள் சுற்றும் வேகம் நிறையைச் சொன்னது. அருகில் பறந்த விண்கலங்களின் பாதையில் ஏற்பட்ட நுண்ணிய விலகல்கள் உள்ளமைப்பைக் காட்டிக்கொடுத்தன. பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒற்றைப் புள்ளியாக மட்டும் தெரியும் கோளுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அங்கே மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்றுக்கு விடை சொல்ல மற்ற இரண்டையும் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாளிதழ்ச் செய்திகளிலும் சில வேளைகளில் ஆய்வுச் சுருக்கங்களிலும் ‘இத்தனை வியாழ நிறை’ என்று உறுதியாக அச்சாகும் எண்களில் பல, தராசில் இட்ட எடைகள் அல்ல என்பதை வாசகர் அறிந்திருப்பது நல்லது.

இளங்கோள்களைப் படம் எடுக்க முடிவதே அவற்றின் சூட்டினால்தான். ஒரு பெருங்கோள் உருவாகும்போது அதன்மேல் வந்து விழும் வளியும் தூசும் தம் ஈர்ப்பு ஆற்றலை வெப்பமாக மாற்றுகின்றன. அந்த வெப்பத்தைக் கோள் பல கோடி ஆண்டுகளாக மெல்ல மெல்ல வெளியேற்றுகிறது. வெப்பம் குறையக் குறையத் தன் ஈர்ப்பாலேயே சுருங்குகிறது. சுருங்குவதால் மீண்டும் ஓரளவு வெப்பம் பிறக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்சும் சூரிய ஒளிக்குக் காரணம் தேடியபோது எண்ணிப் பார்த்த சுருக்கக் கோட்பாடு இது. சூரியனுக்கு அது பொருந்தாமல் போனது. வியாழனுக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. சூரியனிடமிருந்து பெறுவதைவிட அதிக ஆற்றலை வியாழன் இன்றும் விண்வெளிக்குக் கொடுத்துக்கொண்டிருப்பதற்கு அந்தப் பழைய வெப்பமே காரணம். முதிர்ந்த வியாழனைத் தொலைவிலிருந்து காணும் ஒளியில் பார்ப்பவருக்கு அது சூரியனைவிட ஏறத்தாழ நூறு கோடி மடங்கு மங்கியிருக்கும். பீட்டா பிக்டோரிஸ் பியோ ஏறத்தாழ 1,700 கெல்வின் வெப்பத்தில் தகிப்பதால், அகச்சிவப்பில் தன் விண்மீனின் ஒளியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டுகிறது.

சூடாக இருப்பதால் கோள் தெரிகிறது. ஆனால் அதே சூடு எத்தனை காரணங்களால் வந்தது என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. ஒளிர்வு என்பது ஒரு நொடியில் கோள் வெளிவிடும் மொத்த ஆற்றல். நிறை கூடிய கோள் அதிக வெப்பத்தோடு பிறக்கும், மெதுவாக ஆறும். ஆகவே வயதும் ஒளிர்வும் தெரிந்தால், கோள் ஆறும் விதத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகளிலிருந்து நிறையைப் படித்துக்கொள்ளலாம். 1990களின் இறுதியிலிருந்து ஆடம் பரோஸ் குழுவும் இசபெல் பராஃப் குழுவும் தந்த கணிப்புகளே இதற்கு நெடுங்காலம் அடிப்படையாக இருந்தன. அவற்றில் பொதிந்திருந்த ஊகம், கோள் தன் பிறப்பு வெப்பம் முழுவதையும் தன்னுள் அடைத்துக்கொண்டு வாழ்க்கையைத் தொடங்குகிறது என்பது. இதற்குச் சூடான தொடக்கம் என்று பெயர்.

மார்க் மார்லியும் உடன் ஆய்ந்தவர்களும் 2007இல் வெளியிட்ட கட்டுரை அந்த ஊகத்தை அசைத்தது. பாறையும் பனியும் சேர்ந்த கருவம் முதலில் உருவாகி, பிறகு அது சுற்றுப்புற வளியை இழுத்துக்கொள்கிறது என்னும் கருவத் திரட்சிக் கொள்கை சரியாக இருந்தால், விழும் வளி கோளின் மேற்பரப்பில் அதிர்ச்சி அலையில் மோதும்போதே தன் வெப்பத்தின் பெரும்பகுதியை வெளியே உமிழ்ந்துவிடக்கூடும். அப்படியானால் கோள் குளிர்ந்த நிலையிலேயே பிறக்கும். வியாழனின் 10 மடங்கு நிறையுள்ள கோள் ஒன்று சூடாகப் பிறப்பதற்கும் குளிராகப் பிறப்பதற்கும் தொடக்கக் காலத்தில் ஒளிர்வில் நூறு மடங்கு வரை வேறுபாடு இருக்கலாம் என்றும், சிறிய கோள்கள் சில கோடி ஆண்டுகளிலேயே இந்த வேறுபாட்டை மறந்துவிட, பெரியவை பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலும் அதை நினைவில் வைத்திருக்கும் என்றும் அந்தக் கணிப்பு காட்டியது. இதன் விளைவு கடுமையானது. ஒரே ஒளிர்வை, சூடாகப் பிறந்த இலேசான கோள் என்றும் சொல்லலாம், குளிராகப் பிறந்த கனமான கோள் என்றும் சொல்லலாம். அதன்பின் டேவிட் ஸ்பீகலும் பரோசும் 2012இல் இரண்டுக்கும் இடைப்பட்ட மிதமான தொடக்கங்களையும் கணக்கிட்டுக் காட்டினர். தேர்வுகள் கூடினவே தவிர, எது நடந்தது என்பது ஒளிர்விலிருந்து மட்டும் தெரிய வழி இல்லாமல் போயிற்று. படம் எடுக்கப்பட்ட கோள்களில் பெரும்பாலானவை, மிகக் குளிர்ந்த தொடக்கத்துக்கு இடமே இல்லாத அளவுக்கு ஒளிர்வானவை. பீட்டா பிக்டோரிஸ் பியும் அவற்றுள் ஒன்று. 2015இல் ஜெமினி தொலைநோக்கியின் கருவியால் காணப்பட்ட 51 எரிடானி பி மட்டும் குளிர்ந்த தொடக்கத்தோடும் ஒத்துப்போகும் அளவுக்கு மங்கலாக இருந்தது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது.

அளவைப் பற்றிய கேள்வி இதைவிட எளிதாகத் தோன்றும். ஒரு பொருளின் ஒளிர்வு அதன் பரப்பையும் வெப்பநிலையின் நான்காம் படியையும் பொறுத்தது என்பது ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதி. நிறமாலையிலிருந்து வெப்பநிலை கிடைக்கிறது, தொலைவு தெரிந்திருப்பதால் ஒளிர்வு கிடைக்கிறது, மீதமிருப்பது ஆரம் மட்டுமே. ஆனால் ஒளிர்வு மாறாமல் இருக்க வெப்பநிலை 10 விழுக்காடு தவறினால் ஆரம் ஏறத்தாழ 20 விழுக்காடு தவறும். வெப்பநிலையோ, மேகங்களை எப்படிக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துத் தடுமாறும். பூரட்டாதி விண்மீன்கள் இருக்கும் பெகாசஸ் மண்டலத்தில் எச்ஆர் 8799 என்னும் விண்மீனைச் சுற்றும் நான்கு கோள்களுக்கு இதுவே நேர்ந்தது. கிறிஸ்டியன் மாருவா குழு 2008இல் மூன்றையும் 2010இல் நான்காவதையும் படம் எடுத்த அந்தக் குடும்பத்தின் நிறமாலைகளை மாதிரிகளோடு பொருத்திப் பார்த்த தொடக்கக்கால ஆய்வுகள் சில, கோள்களின் ஆரம் வியாழனைவிடச் சிறியது என்று முடிவு கட்டின. இயற்பியல் அதற்கு இடம் கொடுக்காது. ஹைட்ரஜனும் ஹீலியமும் நிறைந்த பெருங்கோள் ஒன்றின் உள்ளே எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளும் குவாண்டம் அழுத்தம், நிறை எவ்வளவு கூடினாலும் ஆரத்தை ஏறத்தாழ வியாழ ஆரத்துக்குக் கீழே இறங்கவிடுவதில்லை. அதுவும் 3 அல்லது 4 கோடி ஆண்டு வயதில் கோள் இன்னும் உப்பியே இருக்க வேண்டும். தவறு கோளில் இல்லை, அடர்ந்த சிலிக்கேட் மேகங்களைச் சரியாகக் கையாளாத மாதிரியில் இருந்தது.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. 50 லட்சம் ஆண்டு வயதே ஆன, இன்னும் வளியை இழுத்து வளர்ந்துகொண்டிருக்கும் பிடிஎஸ் 70 பி என்னும் கோளுக்கு இதே முறையில் கணக்கிட்டால் ஆரம் வியாழனைப் போல் இரண்டு, மூன்று மடங்கு என்று வருகிறது. அது கோளின் ஆரமா, கோளைப் போர்த்தியிருக்கும் தூசுத்திரையின் ஆரமா என்று கேட்டால் பின்னதே பொருத்தமாகத் தெரிகிறது. பிறந்துகொண்டிருக்கும் கோளுக்கு விளிம்பு எங்கே என்று சொல்வதே கடினம்.

நிறையை மாதிரியின் துணையின்றி அறிய ஒரே நம்பகமான வழி ஈர்ப்பு. கோள் விண்மீனைச் சுற்றுவதாகச் சொல்வது வழக்கமே தவிர, இரண்டும் தம் பொதுமையத்தைச் சுற்றுகின்றன; கோள் கனமானால் விண்மீனின் அசைவும் கூடும். வானில் விண்மீனின் இருப்பிடத்தை நுட்பமாக அளந்து இந்த அசைவைப் பிடிக்கும் துறைக்கு வானளவையியல் என்று பெயர். இது புதியதன்று: சிரியசின் பாதை நெளிவதைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று அதற்கு உண்டு என்று ஃபிரெட்ரிக் பெசல் 1844இலேயே சொன்னார். கோள்களுக்கு அந்த நெளிவு மிகச் சிறியது. பீட்டா பிக்டோரிஸ் பி தன் விண்மீனை இழுப்பதால் ஏற்படும் அசைவு ஒரு பாகையை 3,600 பங்காக்கி, அதில் ஒரு பங்கை மேலும் ஆயிரமாக்கினால் வரும் கூறுகளில் ஏறத்தாழ மூன்று. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரையிலும், அதே நிறுவனத்தின் கையா 2014 முதலும் விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்திருந்ததால், இடைப்பட்ட கால் நூற்றாண்டில் விண்மீன் சீராக எவ்வளவு நகர்ந்தது என்பதும், அந்தந்தச் சில ஆண்டுகளில் எவ்வளவு நகர்ந்தது என்பதும் ஒப்பிடக் கிடைத்தன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கோள் இழுத்த இழுப்பு. இந்த வழியில் இக்னாஸ் ஸ்னெல்லனும் ஆண்டனி பிரவுனும் 2018இல் பீட்டா பிக்டோரிஸ் பியின் நிறை வியாழனைப் போல் 11 மடங்கு, 2 மடங்கு கூடலாம் அல்லது குறையலாம் என்று அறிவித்தனர். சூடான தொடக்க மாதிரிகள் சொல்லியிருந்த எண்ணுக்கு அது நெருக்கமாகவே இருந்தது.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. லக்ராஞ்சு குழு 2019இல், விண்மீனின் ஒளியில் டாப்ளர் விளைவால் ஏற்படும் நிறமாற்றத்தைக் கொண்டு, உட்புறத்தில் இன்னொரு பெருங்கோள் இருப்பதைக் கண்டது. சி எனப் பெயரிடப்பட்ட அது விண்மீனிலிருந்து, புவிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப் போல் 2.7 மடங்கு தொலைவில் சுற்றுகிறது; அவ்வளவு நெருக்கத்தில் அதைத் தனியே பிரித்துக் காண, பாரனாலில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் நான்கின் ஒளியையும் ஒன்றாக இணைத்துக் குறுக்கீட்டு விளைவை அளக்கும் கிராவிட்டி கருவி வேண்டியிருந்தது. 2020இல் அது சியின் ஒளியைப் பிடித்தது. விண்மீனின் அசைவில் ஒரு பங்கு சியினுடையது என்று தெரிந்ததும் பியின் நிறை மறுகணக்குக்கு உள்ளாகி ஏறத்தாழ 9 வியாழ நிறைக்கு இறங்கியது. சியின் நிறை ஏறத்தாழ 8. ஏறக்குறைய ஒரே நிறை, ஒரே வயது, ஒரே தூசுவட்டில் பிறப்பு. ஆயினும் சியைவிட பி ஆறு மடங்கு ஒளிர்வானது. ஒன்று பியின் நிறை இன்னும் குறைவாகவே மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும், அல்லது இரண்டும் வெவ்வேறு அளவு வெப்பத்தோடு பிறந்திருக்க வேண்டும், அல்லது உள்ளமைப்பில் பெரிய வேறுபாடு இருக்க வேண்டும். சூடான, குளிர்ந்த தொடக்கங்களைப் பற்றிய நெடிய விவாதத்தில் எந்தக் கருத்தியல் கட்டுரையையும்விட இந்த ஓர் இணை பெறுமதியானது என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கு இரண்டு நிறைகளும் மாதிரிகளிடம் கடன் வாங்காமல் வந்தவை.

விண்மீனின் இருப்பிட அசைவை அளக்கும் அதே முறை எச்ஆர் 8799 குடும்பத்தின் உட்கோளுக்கும் பயன்பட்டது. 2021இல் அதன் நிறை ஏறத்தாழ 9.6 வியாழ நிறை என்று கணக்கிடப்பட்டது. அங்கே இன்னொரு சாட்சியும் உண்டு: நான்கு பெருங்கோள்கள் நெருக்கமாகச் சுற்றும் குடும்பத்தில் நிறைகள் அளவுக்கு மீறினால் ஒன்றின் இழுப்பால் மற்றொன்று தூக்கி எறியப்பட்டிருக்கும்; அவை இன்றும் நிலைத்திருப்பதே நிறைகளுக்கு ஒரு மேல்வரம்பைக் கட்டுகிறது. 2023இல் மூன்று குழுக்கள் தனித்தனியே படம் எடுத்த ஏஎஃப் லெப் பி இந்த வரிசையில் ஒரு படி முன்னே நிற்கிறது. ஹிப்பார்கோஸ், கையா அளவைகளில் அந்த விண்மீன் சீரற்று நகர்வது முதலில் தெரிந்தது. அங்கே தேடினால் கோள் கிடைக்கும் என்று நோக்கியபோது கிடைத்தது. அதன் நிறை ஏறத்தாழ 3 வியாழ நிறை. அந்த விண்மீனும் பீட்டா பிக்டோரிசும் விண்வெளியில் ஒன்றாக நகரும் ஒரே இளம் விண்மீன் குழுவைச் சேர்ந்தவை; குழுவிலுள்ள சிறு விண்மீன்கள் லித்தியத்தை எரித்துத் தீர்த்த அளவைக் கொண்டு குழுவின் வயது கணிக்கப்படுவதால், கோள்களின் வயதும் அதிலிருந்தே வருகிறது. தனித்து நிற்கும் விண்மீனுக்கு வயது சொல்வது வேறு கதை. அங்கே வயதில் வரும் தவறு நிறைக்கும் தொற்றிக்கொள்ளும்.

பீட்டா பிக்டோரிஸ் பியின் ஆரத்தையும் நேரடியாக அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை சில காலம் இருந்தது. 1981 நவம்பரில் அந்த விண்மீனின் ஒளி சில நாள்கள் விநோதமாக மாறியதை ஜெனீவா வானியலாளரின் பதிவுகள் காட்டின. கோள் விண்மீனின் முன்னால் கடந்ததால் அது நேர்ந்ததோ என்ற ஐயம் எழுந்தது. பாதையை நுட்பமாகக் கணித்தபோது கோள் விண்மீனின் வட்டை மறைக்காது என்று தெரிந்தாலும், கோளைச் சுற்றி வளையமோ துகள்களோ இருந்தால் அவை 2017, 2018இல் விண்மீனின் முன்னால் வரக்கூடும் என்பதால், பாரிஸ் வானாய்வகத்தினர் பிக்சாட் என்னும் சிறு செயற்கைக்கோளை உருவாக்கினர். அது 2018 ஜனவரி 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஏறியது. அதே ஆண்டு மார்ச்சில் பேச்சை நிறுத்திக்கொண்டது. தரையிலிருந்து கண்காணித்த கருவிகளும் பெரிய மறைப்பு எதையும் காணவில்லை. இந்தக் கோளின் ஆரம், வியாழனைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்பது, இன்றும் நிறமாலை வழியாக வந்த மதிப்பீடுதான். ஆயினும் வேறொன்று நேரடியாகக் கிடைத்தது. கோளின் ஒளியில் கார்பன் மோனாக்சைடு பதித்த கோடுகள் அகன்றிருப்பதைக் கொண்டு, அதன் நடுக்கோட்டுப் பகுதி நொடிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்றும், அங்கே ஒரு நாள் என்பது எட்டு மணி நேரம் என்றும் ஸ்னெல்லன் குழு 2014இல் கண்டது. சூரியக் குடும்பத்துக்கு அப்பால் ஒரு கோளின் சுழற்சி அளக்கப்பட்டது அதுவே முதன்முறை.

விண்மீனை நெருங்கிச் சுற்றும் இளங்கோள்களுக்கு நிலைமை தலைகீழ். அவற்றைப் படம் எடுக்க முடியாது. ஆனால் சில, புவியிலிருந்து பார்க்கையில் விண்மீனின் முன்னால் கடந்து சென்று ஒளியைச் சிறிது மறைக்கின்றன. மறைந்த பங்கு கோளின் பரப்புக்கும் விண்மீனின் பரப்புக்கும் உள்ள விகிதம் என்பதால் ஆரம் எளிதில் கிடைக்கிறது. அகப்படாதது நிறைதான். இளம் விண்மீன்கள் வேகமாகச் சுழல்கின்றன, பெரிய கரும்புள்ளிகளைச் சுமக்கின்றன. ஒரு கரும்புள்ளி விண்மீனின் சுழற்சியால் வந்து போகும்போது நிறமாலைக் கோடுகள் சாய்ந்து, கோள் இழுத்ததைப் போன்ற தோற்றத்தை உண்டாக்குகின்றன. 2008இல் டிடபிள்யூ ஹைட்ரே என்னும் மிக இளம் விண்மீனை 3.56 நாளில் ஒரு பெருங்கோள் சுற்றிவருவதாக நேச்சர் இதழில் செய்தி வந்தது. சில மாதங்களிலேயே, அகச்சிவப்பில் அளந்தால் அந்த அசைவு பெரிதும் குறைந்துவிடுகிறது என்று மற்றொரு குழு காட்டியது. கோளின் இழுப்பு எல்லா நிறங்களிலும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். கரும்புள்ளிக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாடோ அகச்சிவப்பில் மங்கும். அசைந்தது புள்ளி, கோள் அல்ல.

இந்தத் தொல்லையின் முழு உருவத்தையும் வி1298 டவ் என்னும் விண்மீனில் காணலாம். ரிஷப மண்டலத்தில் ஏறத்தாழ 350 ஒளியாண்டு தொலைவில் உள்ள, 2 கோடி ஆண்டு வயதை ஒட்டிய அந்த விண்மீனைச் சுற்றி நான்கு கோள்கள் கடப்பதை கெப்ளர் தொலைநோக்கியின் கே2 திட்டத் தரவுகளிலிருந்து 2019இல் கண்டறிந்தனர். அவற்றுள் பி என்பது புவியைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு ஆரம் கொண்டது, அதாவது வியாழனைவிடச் சற்றே சிறியது. விண்மீன் 2.9 நாளுக்கு ஒருமுறை சுழல்கிறது. கரும்புள்ளிகள் எழுப்பும் இரைச்சல், கோள் எழுப்பக்கூடிய அசைவைப் பல மடங்கு மிஞ்சுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட அளவைகளைச் சேர்த்து, அந்த இரைச்சலைப் புள்ளியியல் முறையில் கழித்து, 2021இல் வெளியான ஓர் ஆய்வு பியின் நிறை வியாழனில் 0.64 பங்கு, அதாவது புவியைப் போல் சுமார் 200 மடங்கு என்றது; ஈ என்னும் கோளுக்கு வியாழனைவிடக் கூடுதல் நிறை கிடைத்தது. அது சரியாக இருந்திருந்தால், பெருங்கோள்கள் நூறு கோடி ஆண்டுகள் எடுக்க வேண்டிய சுருக்கத்தை அவை 2 கோடி ஆண்டுகளிலேயே முடித்துவிட்டன என்று ஆகும். கோட்பாட்டாளர் அதை நம்பத் தயங்கினர். அளவையின் பக்கம் நின்றவர்கள் கோட்பாட்டைத் திருத்தச் சொன்னார்கள்.

விடை வேறு வாயிலாக வந்தது. கடப்பின்போது விண்மீனின் ஒளியில் ஒரு சிறுபங்கு கோளின் வளிமண்டலத்தை ஊடுருவி வருகிறது. நீராவி உறிஞ்சும் அலைநீளங்களில் பார்த்தால் கோள் சற்றுப் பெரிதாகவும் மற்றவற்றில் சற்றுச் சிறிதாகவும் தெரியும். இந்த வேறுபாடு எவ்வளவு என்பது வளிமண்டலம் எவ்வளவு தடிப்பாக விரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. தடிப்போ வெப்பநிலை, வளியின் மூலக்கூற்று எடை, மேற்பரப்பு ஈர்ப்பு ஆகிய மூன்றால் முடிவாகிறது. கனமான கோள் தன் வளியை இறுகப் பிடித்திருக்கும், இலேசான கோளால் முடியாது. ஆகவே வெப்பநிலை தெரிந்து, வளி ஹைட்ரஜன் மிகுந்தது என்றும் கொண்டால், தடிப்பிலிருந்து ஈர்ப்பும், ஆரம் முன்பே தெரிந்திருப்பதால் ஈர்ப்பிலிருந்து நிறையும் கிடைத்துவிடும். 2024இல் வெளியான ஹபிள் தொலைநோக்கி ஆய்வு பியின் நீராவிச் சுவடு மிகப் பெரியது என்றும், அதன் நிறை புவியைப் போல் 24 மடங்குக்கு அருகில்தான் இருக்க முடியும் என்றும் கண்டது. 200 எங்கே, 24 எங்கே! பிறகு, கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் கடப்பு நேரங்கள் முந்தியும் பிந்தியும் வருவதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிந்து செய்த கணக்கு, 2026இன் தொடக்கத்தில் வெளியானபோது, நான்கு கோள்களின் நிறையும் புவியைப் போல் ஏறத்தாழ 5 முதல் 15 மடங்குக்குள் அடங்கியது. கடப்பு நேரங்களைக் கரும்புள்ளிகள் பெரிதாகக் கெடுப்பதில்லை என்பதால் இந்த எண்களுக்கே மதிப்புக் கூடுதல். வியாழனின் உடன்பிறப்புகள் என்று கருதப்பட்டவை, இன்னும் உப்பலாக இருக்கும் சிறிய கோள்களாக முடிந்தன.

1.7 கோடி ஆண்டு வயதுள்ள எச்ஐபி 67522 பியும் இதே இனம். ஆரம் ஏறக்குறைய வியாழ அளவு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த நிறமாலை 2024இல் தந்த நிறை புவியைப் போல் சுமார் 14 மடங்கு. அடர்த்தி, நீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இத்தகைய கோள்களைப் பஞ்சுமிட்டாய் என்று அழைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அந்தப் பெயர் பாதி உண்மையை மறைக்கிறது. பஞ்சுமிட்டாய் உள்ளும் புறமும் ஒரே மென்மை, இந்தக் கோள்களிலோ நிறையின் பெரும்பகுதி மையத்தில் செறிந்த கருவத்தில் அடங்கியிருக்க, மிச்சமுள்ள சிறிதளவு ஹைட்ரஜன் பிறந்த சூட்டில் விரிந்து ஆரம் முழுவதையும் நிரப்பிக்கொண்டிருக்கிறது.

உள்ளகத்தைப் பற்றிப் பேசும்போது இந்த நுட்பம் முதன்மையாகிறது. முதிர்ந்த கோளின் நிறையும் ஆரமும் தெரிந்தால், தூய ஹைட்ரஜன்-ஹீலியக் கோளுக்குரிய ஆரத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு சிறுத்திருக்கிறதோ அவ்வளவு கன தனிமங்கள் உள்ளே இருப்பதாகக் கணக்கிடலாம். வானியலில் ஹீலியத்துக்கு மேற்பட்ட எல்லாமே கன தனிமம். இளங்கோளில் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் வழுக்கும். கன தனிமங்கள் ஆரத்தைச் சுருக்க, பிறப்பு வெப்பம் அதை விரிக்கிறது. ஒரே ஆரத்தை நிறைய வெப்பமும் நிறையப் பாறையும் கொண்டு விளக்கலாம், குறைந்த வெப்பமும் குறைந்த பாறையும் கொண்டும் விளக்கலாம். வளிமண்டலத்தில் தெரியும் மூலக்கூறுகள் ஒரு துணைச்சான்று தருகின்றன. ஏஎஃப் லெப் பியின் வளிமண்டலத்தில் கன தனிமங்கள் கூடுதல் என்று நிறமாலைகள் காட்டின. எச்ஆர் 8799 கோள்களில் ஜேம்ஸ் வெப் 2025இல் கண்ட கார்பன் டை ஆக்சைடும் அதே திசையைச் சுட்டியது. இவை பாறையும் பனியும் திரண்ட கருவத்திலிருந்து வளர்ந்தவை என்ற எண்ணத்துக்கு அது வலுவூட்டுகிறது. ஆனால் மேல்வளியில் இருப்பது ஆழத்திலும் அப்படியே இருக்குமா என்பது தனிக் கேள்வி.

வியாழனே இதில் எச்சரிக்கையாக நிற்கிறது. 2016 முதல் அதைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலம் ஈர்ப்புப் புலத்தை நுட்பமாக அளந்தபோது, பாடநூல்கள் வரைந்த திட்டவட்டமான கருவத்துக்குப் பதிலாக, விளிம்பு மங்கி, ஆரத்தின் பாதி அளவுவரை ஹைட்ரஜனோடு கலந்து பரவிய கருவம் இருப்பதாகத் தெரிந்தது. அத்தகைய கலப்பு, சூடான வளி மேலெழுந்து குளிர்ந்த வளி கீழிறங்கும் வெப்பச்சலனத்தைத் தடுத்து, உள்வெப்பத்தை நெடுங்காலம் அடைத்து வைக்கக்கூடியது. சனியும் எளிய கணக்குச் சொல்வதைவிட ஒளிர்வானது. அங்கே ஹீலியம் துளிகளாகப் பிரிந்து ஆழத்துக்கு மழையாக இறங்குவது காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பக்கத்து வீட்டுக் கோள்களிலேயே உள்ளமைப்பு ஒளிர்வை மாற்றுகிறது என்றால், ஒளிர்விலிருந்து நிறையைப் படிக்கும் பழைய வழி, தான் அறிய விரும்பும் உள்ளகத்தைத் தொடக்கத்திலேயே எளியதாக ஊகித்துக்கொள்கிறது. மூன்றாம் கேள்வியின் விடை இரண்டாம் கேள்வியின் கணக்குக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

ஆகவே ஏதேனும் ஓர் இளங்கோளின் நிறை செய்தியாக வரும்போது, அந்த எண் எந்த வழியாக வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். விண்மீனின் இருப்பிட அசைவிலிருந்தோ கடப்பு நேர மாற்றத்திலிருந்தோ வந்ததானால் நம்பலாம். அமைதியற்ற இளம் விண்மீனின் டாப்ளர் அசைவிலிருந்து வந்ததானால் மற்றொரு முறை உறுதிசெய்யும்வரை காத்திருக்கலாம். ஒளிர்விலிருந்து வந்ததானால் அதனோடு ஒரு தொடக்க ஊகமும் ஒரு வயதும் ஒட்டிக்கொண்டிருப்பதை மறக்கலாகாது. முதல் வகை எண்கள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவிலேயே உள்ளன. 2025 மார்ச்சில் பணி ஓய்வு பெற்ற கையா, தான் எடுத்த தனித்தனி இருப்பிட அளவைகளை இதுவரை பெரும்பாலான விண்மீன்களுக்கு வெளியிட்டதில்லை. அவை 2026 டிசம்பரில் வரவிருக்கும் நான்காம் தரவுத் தொகுப்பில் இடம்பெறுகின்றன.